கோர்ட்டில் வைத்த ஒப்பாரி

அந்த வருஷம் ஆடி மாதம் மழை விடவே இல்லை. வடக்கே ஊர் ஊராக வெள்ளத்தில் போனதாகச் செய்தி வந்துகொண்டிருந்தது. திருவனந்தபுரத்தில் எங்களுக்கு அவ்வளவு மோசமில்லை. கிள்ளியாறு கரை ஏறியது, சாலைக் கடைத்தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது, அரிசி மூட்டைகளைப் பரண்மேல் ஏற்றினார்கள், அவ்வளவுதான். சாப்பாட்டுக்குக் குறைவில்லாதவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்த வருஷம் அது. நானும் அப்படிப் பார்த்தவள்தான்.

நான் அப்போது ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். எங்களுடையது நாஞ்சில் நாட்டுக் குடும்பம். அப்பா ஆரியசாலையில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கு எழுதினார். கல்யாணமான பிறகும் நான் அதே தெருவில்தான் இருந்தேன். அந்தச் சித்திரையில் அம்மா இறந்துபோயிருந்தாள். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசாமல் பழகிக்கொண்டிருந்தோம்.

தெருமுனையில் பெரிய அரிசிக் கடை ஒன்று இருந்தது. திருநெல்வேலிக்காரர்கள். கடைக்காரர் போனபின் அவர் மனைவியே கல்லாவில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தாள். நாற்பது வயதிருக்கும். தெருவே அவளை அண்ணி முறைவைத்து மைனி என்றுதான் கூப்பிடும். ஆரியசாலை வியாபாரிகள் வெள்ள நிவாரணத்துக்கு ஒரு கமிட்டி போட்டபோது, அதில் இருந்த ஒரே பெண் அவள்தான். யாரும் அவளைச் சேர்க்கவில்லை. தன் வண்டிகளில்தான் அரிசி போகப்போகிறது என்பதால் தானே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

பொன்முடிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மலை சரிந்து, கூலிக்காரர்கள் குடியிருந்த லயம் முழுவதும் ஓடைக்குள் போய்விட்டது. மிஞ்சியவர்கள் வித்துரா சந்தைக் கொட்டகையில் கிடப்பதாகத் தகவல் வந்தது. எல்லோரும் தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கத்துத் தமிழர்கள்.

“ஏளா டீச்சர், பள்ளிக்கூடம் லீவுதான? எங்கூட வா” என்றாள் மைனி. “கொட்டகையில கெடக்கவங்க பேசுறது அங்கன உள்ள மலையாளத்துக்காரங்களுக்குப் புரியல, அவங்க பேசுறது இவங்களுக்குப் புரியலங்காங்க. அரிசிய மட்டும் எறக்கிட்டு வந்தா என்ன பிரயோசனம்?”

நெடுமங்காடு வரை மோட்டார், பிறகு மாட்டு வண்டி. சந்தைக் கொட்டகையில் ஈர மண் வாடையும் குழந்தைகளின் இருமலும்தான் நினைவிருக்கிறது. சேலைகளைக் கொடுத்துக்கொண்டு வரும்போது ஒரு கிழவர் என் கையிலிருந்ததை வாங்காமல் நின்றார்.

“எம்மா, இன்னொருத்தி இருக்கா. அவளுக்கும் சேலை வேணும். போலீசு கொண்டு போயிட்டாவ.”

“எதுக்கு?”

“பிள்ளயக் கொன்னுட்டாளாம். அவ எங்க கொன்னா? அழுதா. அழுததுக்குப் பிடிச்சிட்டாவ.”

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் விளங்கியது. மலை சரிந்த மறுநாள் காலையில் எல்லோரும் கூட்டமாக இறங்கி வந்திருக்கிறார்கள். அவள் புருஷன் மண்ணுக்கடியில். இடுப்பில் கைக்குழந்தை, பெண். கையில் ஐந்தாறு வயது மகன். வழியில் ஒரு காட்டாற்றைக் கடக்க வேண்டியிருந்தது. மழையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அக்கரை ஏறியபோது அவளிடம் பெண்குழந்தை மட்டும் இருந்தது. வித்துரா வரைக்கும் வாயே திறக்காமல் நடந்தாளாம். சந்தை வந்ததும் தரையில் விழுந்து, நெஞ்சில் அறைந்துகொண்டு கதறியிருக்கிறாள்: “எம்பிள்ளய நானே கொன்னனே, நானே கொன்னனே!”

ஒரு டீக்கடைக்காரரும் ஒரு போலீஸ்காரரும் அதைக் கேட்டார்கள். இருவரும் மலையாளிகள். அந்த வார்த்தை இரண்டு பாஷையிலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. போலீஸ்காரர் அருகில் போய், “நீ தன்னெயோ கொந்நது?” என்று கேட்டிருக்கிறார். அவள் தலையாட்டியிருக்கிறாள். அவர் கெட்ட மனிதர் என்று நான் நினைக்கவில்லை. காதில் விழுந்ததைத்தான் அவர் மேலே சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து மைனி எப்படியோ அனுமதி வாங்கி, என்னை ஜெயிலுக்கு அழைத்துப் போனாள். பெண்கள் பகுதியின் காவல்காரி, “ஒந்நும் மிண்டுகில்லா டீச்சரே. கஞ்ஞி குடிக்கும், அத்ரதன்னெ” என்றாள். கஞ்சி குடிப்பதைத் தவிர அவள் வாயே திறப்பதில்லை என்று அர்த்தம். நான் எதிர்பார்த்ததைவிடச் சின்னப் பெண்ணாக இருந்தாள். என்னைவிட இளையவள். குழந்தையை ஒரு துணியால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தாள். தவழும் வயதுக் குழந்தை, இறங்கத் துடித்தது. அவள் முடிச்சை அவிழ்க்கவில்லை.

நான் ஊர் கேட்டேன், சாப்பிட்டாயா என்று கேட்டேன், குழந்தையின் பெயர் கேட்டேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல நாள் கேட்காத பாஷையைக் கேட்கும் முகம் அது. ஆனால் பதில் வரவில்லை. திரும்பும்போது மைனி சொன்னாள்: “இவள இப்படியே விட்டா தூக்குல போட்டுருவாங்க. இவளே கழுத்த நீட்டிருவா போலிருக்கு.”

அடுத்த கமிட்டிக் கூட்டம் மைனியின் அரிசிக் கிட்டங்கியில் நடந்தது. மூட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். நான் வாசல் பக்கம் நின்றேன். வக்கீல் வைக்க நிவாரணப் பணத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று மைனி சொன்னதும் ஒரு ஜவுளிக் கடைக்காரர் எழுந்துவிட்டார்.

“ஊராரு குடுத்தது வெள்ளத்துல எல்லாம் போனவங்களுக்கு. கொலக்கேசு நடத்துகதுக்கு இல்ல, கேட்டோ.”

“அவளுக்கு எல்லாம் போகலியா?” என்றாள் மைனி.

“அவ போலீசுகாரன்கிட்ட ஒத்துக்கிட்டாளே. பின்னே எந்தா?”

“அண்ணாச்சி, கூரை போனவனுக்கு ஓலை குடுக்கோம். துணி போனவளுக்கு நீங்களே துணி குடுத்தீங்க. இவளுக்குப் பேச்சு போயிட்டு. அவளுக்காகப் பேச ஒரு ஆளக் குடுக்கக் கூடாதா? அவ கொன்னாளா கொல்லலியான்னு எனக்குத் தெரியாது. ஒருத்தரும் கேக்காம தூக்குல போடக் கூடாதுன்னுதான் சொல்லுதேன்.”

வெகுநேரம் சத்தமாகப் பேசினார்கள். கடைசியில் ஒத்துக்கொண்டது நியாயத்துக்காகவா, மைனி வண்டிகளை நிறுத்திவிடுவாளோ என்ற பயத்திலா, தெரியாது. ஜவுளிக் கடைக்காரர் மட்டும் கடைசிவரை சம்மதிக்கவில்லை. ஆனால் போகும்போது ஒரு குழந்தைப் போர்வையை என்னிடம் கொடுத்து, “அந்தக் கொச்சுக்கு” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

வக்கீல் கரமனை அக்ரஹாரத்துக்காரர். வீட்டுக் கூடத்தில் எங்களை உட்காரவைத்து முழுவதும் கேட்டார்.

“அவ கொன்னதை ஒருத்தரும் பாக்கலை. அவ வாய்ச்சொல்தான் கேஸே” என்றார். “நம்மாத்துப் பொம்மனாட்டிகள் சாவு வீட்டுல எப்படி அழுவான்னு எனக்குத் தெரியும். கோர்ட்டுக்குத் தெரியணுமே. அதை யார் வந்து சொல்றது?”

அவர் பார்வை என்மேல் நின்றது.

“நானா?”

“நீங்க டீச்சர். ரெண்டு பாஷையும் தெரியும். உங்காத்துல சமீபத்துல ஒரு சாவு நடந்திருக்குன்னு வேற சொன்னேள்.”

வீட்டில் என் கணவருக்குப் பிடிக்கவில்லை. சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். பெண்டாட்டி கூண்டில் ஏறி நின்றால் மேலதிகாரி என்ன நினைப்பார் என்பதே அவர் கவலை. இரண்டு நாள் பேசாமல் இருந்தார். விசாரணை நாளன்று காலையில் அவராகவே என் குடையை எடுத்துக் கொடுத்தார்.

கோர்ட்டில் டீக்கடைக்காரரும் போலீஸ்காரரும் தாங்கள் கேட்டதைச் சொன்னார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. பிறகு என்னை ஏற்றினார்கள். நான் பாடம் நடத்துவதுபோல ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் இழவு விழுந்தால் ஒப்பாரி வைப்பார்கள். அதில் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்வது வழக்கம். கொன்றேன், தின்றேன், எமனுக்குக் கொடுத்தேன் என்றெல்லாம் சொல்லி அழுவார்கள். அது வாக்குமூலம் ஆகாது.

ஜட்ஜ் வயதானவர். குனிந்து எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “ஒப்பாரி என்று சொன்னால் எனக்கு எப்படி விளங்கும்? எங்ஙனெயாணு கரயுந்நது? ஒந்நு கேள்க்கட்டே” என்றார். எப்படி அழுவார்கள் என்று காட்டச் சொன்னார். கேலி இல்லை. உண்மையிலேயே கேட்க விரும்பினார்.

யாரோ பின்னால் சிரித்தார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சித்திரையில் அம்மாவைக் கிடத்தியிருந்தபோது நான் வைத்ததைத்தான் சொல்ல வந்தேன். சும்மா வசனமாகச் சொல்லிவிட நினைத்தேன். வாயைத் திறந்ததும் ராகம் தானாக வந்துவிட்டது.

“கட்டிலில கெடந்தவளக் காலனுக்குக் காட்டினனே
எங்கையால நானேதான் எமனுக்குக் குடுத்தனே…”

சிரிப்பு நின்றது. எனக்கு அதற்குமேல் வரவில்லை. அப்போது இடது பக்கத்திலிருந்து அந்தக் குரல் எழுந்தது. மாதக்கணக்கில் பேசாத குரல். கரகரப்பாக, முதலில் காற்று மட்டுமாக வந்து, பிறகு பிடித்துக்கொண்டது.

“வச்ச வெளக்க நானேதான் வாயால ஊதினனே
பெத்த பிள்ளய நானேதான் பெருந்தண்ணிக்குக் குடுத்தனே…”

குற்றவாளிக் கூண்டில் அவள் குந்தி உட்கார்ந்துவிட்டாள். ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு, மறு கையால் தரையை அறைந்து அறைந்து பாடினாள். வரி வரியாக வந்துகொண்டே இருந்தது. அவனுக்கு வாங்காத சட்டை, அவன் கேட்ட கருப்பட்டி, அவன் ஏறி உட்காரும் பாறை. ஒவ்வொன்றின் முடிவிலும் அவளே அவனைக் கொன்றாள். சேவகர் தடுக்கப் போனார். ஜட்ஜ் கையைக் காட்டி நிறுத்தினார். டீக்கடைக்காரர் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். அங்கிருந்த மலையாளிகளில் பலருக்குப் பாதி வார்த்தை புரிந்திருக்காது. புரியத் தேவையும் இருக்கவில்லை.

அழுகையில் சொன்னதைக் குற்றத்தை ஒத்துக்கொண்டதாக எடுக்க முடியாது, வேறு சாட்சியமும் இல்லை என்று சொல்லி அவளை விட்டுவிட்டார்கள். வக்கீல் வெளியே வந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, “நான் ஒண்ணுமே பண்ணலை” என்றார்.

அவள் மலைக்குத் திரும்ப மாட்டேன் என்றாள். அதற்குள் கமிட்டி வித்துராவுக்கு வெளியே ஒரு மேட்டில் மிஞ்சிய குடும்பங்களுக்குக் குடிசைகள் போடத் தொடங்கியிருந்தது. அவளுக்கும் ஒன்று. பள்ளிக்கூடம் இல்லாத ஒரு சனிக்கிழமை, பாத்திரங்களோடு அவளைக் கொண்டுபோய்விட நான் போனேன். வழியெல்லாம் வண்டியில் சாதாரணமாகப் பேசினாள். அரிசி என்ன விலை, சந்தையில் கிழங்கு விற்க இடம் கிடைக்குமா என்று.

குடிசை கிட்டத்தட்ட முடிந்திருந்தது. ஓலை வேய்ந்துகொண்டிருந்தவரிடம் அவள் பின்பக்கச் சுவரைக் காட்டி, “இங்கன ஒரு வாசல் வேணும்” என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். எல்லாக் குடிசைக்கும் ஒரு வாசல்தான். “அங்கே எதுக்கு? பள்ளம்தான் இருக்கு, அதுக்கு அப்புறம் ஆறு” என்றார். அவள் அதே இடத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். போகட்டும், வைத்துக் கொடுங்கள் என்று நான் சொன்னேன்.

அவர் அங்கே ஓலையை வெட்டிவிட்டு மூங்கில் வெட்டப் போனபின் நாங்கள் இரண்டு பேரும் நிழலில் உட்கார்ந்தோம். குழந்தை அவள் மடியில் தூங்கிவிட்டது. சேலைத் தலைப்பு அதன் மணிக்கட்டில் சுற்றிக் கட்டியிருந்தது.

“டீச்சரம்மா, நான் பிள்ளய விடலன்னு அந்த ஜட்ஜு ஐயாகிட்ட யாரு சொன்னா?”

“யாரும் அப்படிச் சொல்லல. நீ சொன்னது அழுகைதான், வாக்குமூலம் இல்லைன்னு சொன்னேன். அவரும் அதைத்தான் சொன்னாரு.”

“அழுதது அழுகதான்.” ஆற்றுப் பக்கம் பார்த்தாள். “ஆனா நான் விட்டேம்மா.”

“தண்ணி இழுத்திருக்கும். கை நழுவிப் போயிருக்கும்.”

“நழுவல. அவன் பிடிச்ச பிடி விடல. தண்ணி எங்க மூணு பேரையும் கொண்டு போவுது. இடுப்புல இவ முங்கி முங்கி எழுந்திரிக்கா. நாந்தான் அவன் வெரல எடுத்து விட்டேன். ஒவ்வொண்ணா எடுத்து விட்டேன்.”

நான் குழந்தையின் மணிக்கட்டிலிருந்த முடிச்சைப் பார்த்தேன்.

“அவன் கத்தல. பயப்படக்கூட இல்ல. வெளயாட்டுன்னு நெனச்சானோ என்னமோ. ‘எம்மா, நான் அந்தால கூடி வாரேன்’னான்.”

அந்தப் பக்கமாக வருகிறேன் என்றிருக்கிறான். பின்பக்கச் சுவரில் ஓலை வெட்டிய இடைவெளி வழியாகப் பள்ளம் தெரிந்தது. இனி அங்கே ஒரு வாசல் இருக்கும்.

“இத ஏன் எங்கிட்ட சொல்லுக?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

“நீங்க ஒங்க அம்மைக்கு வச்ச ஒப்பாரிய எனக்காக அத்தன பேரு முன்னால வச்சிய. ஒங்களுக்கு மட்டுமாவது தெரியணும்லா.”

மாலையில் ஆரியசாலை திரும்பியதும் நேரே கடைக்குப் போய் மைனியிடம் சொன்னேன். சொல்லாமல் வீட்டுக்குப் போக முடியவில்லை. அவள் அளந்துகொண்டிருந்த படியைக் கீழே வைத்தாள். வாடிக்கையாளரைப் பையனிடம் விட்டுவிட்டு என்னை உள்ளே அழைத்துப் போனாள். சுவரில் சாய்ந்து நின்றாள். அவளுக்கும் இரண்டு பிள்ளைகள்.

“வக்கீல் ஐயாட்ட சொல்லணுமா மைனி?”

“அவ அவர்ட்ட சொல்லல. உங்கிட்டத்தான் சொன்னா.”

“நான் கோர்ட்டுல…”

“நீ கோர்ட்டுல என்ன பொய் சொன்ன? பொம்பளைங்க எப்படி அழுவாங்கன்னு கேட்டாங்க, அழுது காட்டின.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அவ நல்லவன்னு நெனச்சா நாம பணம் குடுத்தோம்? அவ பக்கத்துல ஒருத்தர் நிக்கணும்னுதான குடுத்தோம். நின்னாச்சு. போ, வீட்டுக்குப் போயி சாப்பிடு” என்றாள்.

அவள் அன்று சாப்பிடவில்லை என்று பிறகு கடைப்பையன் சொன்னான்.

வெள்ளப் பணம் தீர்ந்து கமிட்டி கலைந்த பிறகும் மைனி ஒரு ஏற்பாட்டை விடவில்லை. ஜெயிலில் தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் யாராவது வந்தால், போய்ப் பேச ஒரு ஆள், தேவைப்பட்டால் ஒரு வக்கீல். செலவு அவள் கடையிலிருந்து. ஜவுளிக் கடைக்காரரும் பிற்காலத்தில் அதில் பங்கு கொடுத்தார். போய்ப் பேசும் ஆள் பெரும்பாலும் நான்தான். பதினைந்து இருபது வருஷம் அப்படிப் போய்வந்தேன். நடைபாதைத் தகராறு, கள்ளச் சாராயம், எஸ்டேட்டிலிருந்து ஓடிவந்தவர்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு, மலையாளத்தில் சொல்லி, திரும்ப வந்து சொல்வேன். ஒருவரிடமும் ‘நிஜமாகச் செய்தாயா’ என்று நான் கேட்டதில்லை. அது நல்ல வழக்கம் என்று வக்கீல் பாராட்டினார். கேட்கப் பயம் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

எனக்கு ஒரு மகன் பிறந்தான். அவனுக்கு ஐந்து வயது நடந்த வருஷம் முழுவதும் நான் சரியாகத் தூங்கவில்லை. சாலைக் கடைத்தெருக் கூட்டத்தில் அவன் என் விரலைப் பிடித்துக்கொண்டு நடப்பான். அந்தச் சின்னப் பிடி எவ்வளவு கெட்டியானது என்று அப்போது தெரியும். ஏன் நடுத்தெருவில் நின்றுவிடுகிறேன் என்று அவனுக்குப் புரியாது. “அம்மா, நட” என்று இழுப்பான்.

மைனி போய் நாலு வருஷமாகிறது. அவள் மகன்கள் அந்த ஏற்பாட்டை நிறுத்தவில்லை. எனக்கு முழங்கால் முடியாததால் இப்போது வேறொரு டீச்சர் போகிறாள்.

போன வருஷம் மழை தொடங்கும் சமயத்தில் வித்துரா போயிருந்தேன். ஓலைக் குடிசை ஓட்டு வீடாகியிருக்கிறது; பின்வாசலை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார்கள். மகள் அங்கேயே கல்யாணம் செய்து, ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருக்கிறாள். அம்மாவிடம் தமிழும் பிள்ளைகளிடம் மலையாளமும் பேசுகிறாள். “டீச்சரே, ஊணு கழிச்சிட்டுப் போனா மதி” என்று என்னை விடவில்லை. சாப்பாடு போட்டாள். தாயும் மகளும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். அண்ணன் ஒருவன் இருந்து வெள்ளத்தில் போனான் என்பது மகளுக்குத் தெரியும். அதற்குமேல் தெரியாது என்று நினைக்கிறேன்.

பஸ் ஏற்றிவிட அவள் அம்மா என்னோடு வந்தாள். தலை நரைத்துவிட்டது; நடை என்னைவிட வேகம். சந்தைக் கொட்டகையில் நின்றோம். மழை பிடித்துக்கொண்டது. மரச்சீனிக் கிழங்குக்கு விலையே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவள், பாதியில் நிறுத்திவிட்டு மலைப்பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

“கேக்குதா டீச்சரம்மா?”

“என்னது?”

“ஒண்ணுமில்ல. தண்ணி.”

பஸ் வந்தது. அவள் என் பையை உள்ளே எடுத்துவைத்தாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கையைக் காட்டினேன், அவளும் காட்டினாள். நெடுமங்காடு தாண்டும்வரை பக்கத்திலிருந்தவர் ஏதோ கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். வெளியே தண்ணீர்ச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்த நான் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை போலிருக்கிறது. கடைசியில் அவர், காது கேட்காத அம்மா என்று நினைத்து, கையால் சைகை காட்டி, எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார்.